சீயத்தில் ஒலிக்கும் திருவெம்பாவை

சென்ற ஆண்டு மார்கழி விடுமுறைக்கு முந்திய வாரத்தில் ஒருநாள், பத்தாம் வகுப்பு மாணவரிடம் ஒரு வினா எழுப்பினேன். "தம்பிமாரே, திருவெம்பாவைப் பாடல்கள் இருபதையும் ஏட்டைப் பாராது பாட வல்லவர் எவர்?" என்றேன். பதினொருவர் கையுயர்த்தினர். என் உள்ளம் பூரித்தது. "நன்று. அவற்றுள் முதற் பாடலின் பொருளைத் தம் சொல்லிற் கூற வல்லவர் எவர்?" என மீண்டும் வினவினேன். உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு வாயெழவில்லை. அவ்வயதில் யானும் அவ்வாறே இருந்தேன். வைகறையிற் குளிர்ந்த கிணற்று நீரில் முழுகி, திருநீறணிந்து, சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, அரிக்கன் விளக்கின் ஒளியில் ஊர்த்தெருக்களெல்லாம் திருவெம்பாவை பாடிச் சென்ற சிறுவருள் யானும் ஒருவன். பாட்டின் ஓசை நாவிலிருந்தது. கோயிலிற் கிடைக்கும் அவலும் கடலையும் நெஞ்சிலிருந்தன. பொருளோ எங்கும் இருந்ததில்லை. ஆசிரிய பயிற்சிக் கலாசாலையிற் பயின்ற காலத்திலேதான் அப்பாடல்களைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருளுணர்ந்தேன்.

பொருளறியாது பாடுதலாற் பயனுண்டோ என்னும் ஐயம் அன்றுதொட்டு என்னுள் இருந்து வந்தது. அதற்கு விடை தேடற்கு உதவிய நாடு தாய்லாந்து. முன்னாளிற் சீயம் என வழங்கிய அந்நாட்டிலே, திருவெம்பாவையின் பெயரைத் தாங்கிய விழாவொன்று பல நூற்றாண்டுகளாக நடைபெற்று வருகின்றது. அதனை நடத்துவோர் தமிழறியார். அவ்விழாவைப் பற்றியும், அந்நாட்டாரின் ஆண்டு வட்டத்தில் அஃது அமைந்த இடத்தைப் பற்றியும் நம் கல்லூரி விழா மலரில் எழுதுவது பொருத்தமெனக் கருதுகின்றேன். அந்நாட்டுக்குச் செல்லும் பழைய மாணவர் பலராதலின், எத்திங்களிற் சென்றால் எதனைக் காணலாம் என்பதையும் உடன் குறிப்பேன்.

நீரும் நெல்லும் வகுத்த ஆண்டு

தாய்லாந்து நாட்டு விழாக்களை உணர விரும்புவோர் முதலில் அந்நாட்டுப் பருவங்களை அறிதல் வேண்டும். பங்குனி முதல் வைகாசித் தொடக்கம் வரை கடுங்கோடை. அதன்பின் ஐப்பசி வரை மழை. கார்த்திகை முதல் மாசி வரை குளிர்ச்சி. நாட்டின் நடுவே பாயும் சாவோ பிரயா ஆறு மழைக்காலத்திற் கரைபுரண்டு வயல்களை நிரப்பும். நெல்லே அந்நாட்டின் உயிர். ஆதலின் நீர் இல்லாதபோது அதனை வேண்டியும், வரும்போது விதைத்தும், நிறைந்தபோது அதற்கு நன்றி கூறியும் அம்மக்கள் விழா எடுத்தனர்.

முதலாவது, சித்திரை மாதத்துச் சொங்கிரான். 'சங்கிராந்தி' என்னும் வடசொல்லே அவர் நாவில் அவ்வாறு திரிந்தது. ஞாயிறு மேட இராசியிற் புகும் காலமாகிய இது நம் சித்திரைப் புத்தாண்டோடு ஒத்து வருவது. இக்காலத்தில் ஏப்பிரில் 13, 14, 15 ஆகிய மூன்று நாளும் விடுமுறையாகும். பயணிகள் பெரும்பாலும் காண்பது தெருவில் ஒருவர்மீதொருவர் நீர் வாரி இறைக்கும் களியாட்டத்தையே. ஆயின் விழாவின் உயிர் தெருவிலன்று, வீட்டிலும் விகாரையிலும் உளது. இளையோர் முதியோரின் உள்ளங்கைகளில் மணநீர் வார்த்து வாழ்த்துப் பெறுவர். புத்தர் படிமங்களை நீராட்டுவர். ஓராண்டிற் கோயில் முற்றத்தினின்று கால்களில் ஒட்டிச் சென்ற மண்ணுக்கு ஈடாக மணல் கொணர்ந்து சிறு தூபிகள் அமைப்பர்.

இவ்விழாவுக்கு ஒரு கதையுமுண்டு. கபிலப் பிரமன் என்னும் தேவன் தம்மபாலன் என்னும் இளைஞனை நோக்கி, "மனிதனின் திரு காலையில் எங்குளது, நண்பகலில் எங்குளது, மாலையில் எங்குளது?" என வினவினான், விடை தோன்றாவிடின் இளைஞனின் தலை போகும், தோன்றின் தேவனின் தலை போகும் என்பது ஒப்பந்தம். மரத்தின்மேற் கழுகுகள் பேசிக்கொண்டதைக் கேட்டு இளைஞன் விடையறிந்தான். காலையில் முகத்தில், ஆதலின் முகங்கழுவுகின்றனர். நண்பகலில் மார்பில், ஆதலின் மணநீர் பூசுகின்றனர். மாலையில் அடியில், ஆதலின் கால் கழுவுகின்றனர். தோற்ற தேவனின் தலையை அவன் புதல்வியர் எழுவர் ஆண்டுக்கொருவராக முறைவைத்து ஏந்தி வலம் வருவர் என்பது கதை. கதையின் விடை மூன்றும் நீரைப் பற்றியனவாதல் காண்க.

இன்னுமொன்று கருதத்தக்கது. சீய அரசு 1889ஆம் ஆண்டில் ஆண்டுப் பிறப்பை ஏப்பிரில் முதலாந் திகதிக்கும், 1941ஆம் ஆண்டில் சனவரி முதலாந் திகதிக்கும் மாற்றியது. சட்டம் மாறிற்று; மக்கள் மாறிலர். பழைய நாளிலேயே முதியோர் கைகளில் இன்றும் நீர் வார்க்கின்றனர். 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விழாவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்தது.

இரண்டாவது, மே மாதத்து அரச ஏர் விழா. முதன்மழை வருங்காலத்தில், அரண்மனைச் சோதிடர் குறிக்கும் நன்னாளில், பாங்கொக் நகரத்துச் சனாம் லுவாங் என்னும் பெருவெளியில் இது நிகழும். விவசாய அமைச்சின் நிரந்தரச் செயலாளரே ஏர்த்தலைவராக வருவார். மடித்து வைத்த மூன்று ஆடைகளுள் ஒன்றை அவர் பாராது எடுப்பார். நீளமான ஆடையாயின் அவ்வாண்டு மழை குறையும். குறுகிய ஆடையாயின் மழை மிகும் என்பர். பின் எருதுகள் பூட்டி உழுது, நெல் விதைப்பர். இறுதியில் எருதுகளின் முன் நெல், சோளம், அவரை, எள், நீர், புல், மது என ஏழு வைப்பர்; அவை எதனை உண்ணுகின்றன என்பது கொண்டு விளைவு கூறப்படும். சடங்கு முடிந்ததும் கூடியிருந்த மக்கள் வயலுட் பாய்ந்து, விதைத்த நெல்லைப் பொறுக்கியெடுப்பர். தம் விதைநெல்லோடு கலந்தால் விளைச்சல் பெருகும் என்பது அவர் நம்பிக்கை. அவ்வாரவாரத்தை ஒருமுறை கண்டவர் மறவார்.

மூன்றாவது, லோய் கிரத்தோங். தாய்லாந்துச் சந்திரமானப் பன்னிரண்டாந் திங்களின் பூரணையில், பெரும்பாலும் நவம்பரில், ஆறுகள் நிறைந்து மழை ஓய்ந்தபின் வருவது. வாழைத்தண்டின் வட்டத்துண்டில் வாழையிலை மடித்துத் தைத்து, பூவும் ஊதுவத்தியும் மெழுகுதிரியும் வைத்து நீரில் மிதக்க விடுவர். ஆண்டு முழுவதும் நீரைப் பருகியும் அழுக்காக்கியும் வாழ்ந்தமைக்குக் 'கொங்கா' அன்னையிடம் பிழை பொறுக்க வேண்டுதலே இதன் கருத்தென்பர். கொங்கா என்பது கங்கையே. வடக்கே சியங் மாய் நகரத்தார் அதே பூரணையில் தாள்விளக்குகளை வானில் ஏற்றுவர். நம் கார்த்திகை விளக்கீடு அப்பூரணையிலோ அதனை அடுத்த பூரணையிலோ வரும். அண்மைக் காலத்திற் றெஜிபோமினாற் செய்த மிதவைகள் ஆற்றை அடைத்தமையால், வாழைத்தண்டே கொள்க என நகராட்சியினர் வற்புறுத்தி வருகின்றனர். பிழை பொறுக்க வேண்டும் செயலே புதுப் பிழையாதல் கூடாதன்றோ?

ஊஞ்சற் கம்பமும் தேவத்தானமும்

இனி, நான்காவதாகிய நம் பொருளுக்கு வருவோம்.

சில ஆண்டுகளின் முன் ஆசிரியர் சிலருடன் பாங்கொக் நகருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. நகரின் பழைய பகுதியில், சுதாத் விகாரையின் முன்றிலில், நாற்புறமும் வண்டிகள் ஓட, நடுவே இரு செந்நிறத் தேக்குமரத் தூண்கள் 20 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. உச்சியில் அவற்றை இணைக்கும் வேலைப்பாடமைந்த குறுக்குமரம். கயிறில்லை, பலகையில்லை. இதுவே 'சாவ் சிங் சா' எனப்படும் பெரிய ஊஞ்சல். இன்றைய அரசமரபின் முதல்வராகிய முதலாம் இராமர் 1784ஆம் ஆண்டில் இதனை நிறுவினார். மரம் பழுதுற்றமையால், பிரே மாகாணத்துத் தேக்குமரங்கள் ஆறு கொண்டு மீண்டும் அமைக்கப்பெற்று 2007ஆம் ஆண்டிற் காணிக்கையாக்கப்பட்டது.

அருகே தேவத்தானம் என்னும் சிறு கோயில். அதுவும் 1784ஆம் ஆண்டினதே. சிவபெருமானுக்கும், பிள்ளையாருக்கும், நாராயணருக்கும் தனித்தனியாக மூன்று ஆலயங்கள். வெள்ளாடையும் கொண்டைமுடியும் உடைய அரசவைப் பிராமணர் அங்குப் பூசை செய்கின்றனர். தோற்றத்திலும் மொழியிலும் அவர் தாய்லாந்தினரே. புத்த சமயத்தையும் போற்றுபவர். அவர்தம் முன்னோர் தென்பகுதியிலுள்ள நக்கோன் சி தம்மராத் முதலிய ஊர்களினின்று தலைநகருக்கு வந்தவர் என்பர்.

இக்கோயிலில் ஆண்டுதோறும் டிசெம்பர், சனவரி மாதங்களில் நிகழும் விழாவின் பெயர் 'திரியம்பவாய் திரிபவாய்'. இரண்டாந் திங்களின் வளர்பிறை ஏழாம் நாளிற் சிவபெருமான் நிலவுலகுக்கு எழுந்தருளுகின்றார். தேய்பிறை முதல்நாள் வரை பத்து நாள் தங்குகின்றார். அது திரியம்பவாய். பின்னர் நாராயணர் எழுந்தருளி ஐந்து நாள் தங்குகின்றார். அது திரிபவாய். கயிலை வாயில் திறப்பதற்குரிய பாடல்களை ஓதி, நெற்பொரி, வாழைப்பழம், தேங்காய், கரும்பு முதலியன படைத்து, இறுதியில் தெய்வத் திருவுருவங்களைச் சிறு ஊஞ்சலிற் சீராட்டி வழியனுப்புவர்.

மாணவர்காள், சிறிது நின்று எண்ணுமின். நம் ஊர்க் கோயில்களிலும் திருவெம்பாவைப் பூசை பத்து நாளே, திருவாதிரையில் நிறைவெய்துவது. அத்திருவாதிரை அணையும் பூரணையும், சீயத்தார் சிவனுக்கு விழா எடுக்கும் பூரணையும் பெரும்பாலும் ஒன்றே. திருவெம்பாவையோடு ஆண்டாளின் திருப்பாவையும் இணைந்து நிற்பதுபோல, அங்கும் சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று என இரண்டு பெயர் இணைந்து நிற்கின்றன.

சொல்லாராய்ச்சிக்கும் இஃது ஓர் இனிய பாடம். 'திரு' என்பது 'திரி' ஆயிற்று. சீய எழுத்தில் அது மூன்று எனப் பொருள்படும் வடசொல்லைப்போலவே எழுதப்படுகின்றது. 'எம்' என்பது யகரம் பெற்று 'யம்' ஆயிற்று. சொல்லின் முதலில் நிற்கும் எகரத்தை யகரஞ் சேர்த்து ஒலித்தல் நம் பேச்சிலும் உள்ளதே. இறுதி 'பாவை' என ஐகாரமாக நில்லாது 'பவாய்' என நீண்டு நிற்றல் குறிக்கத்தக்கது. அது விளிவேற்றுமையாகிய 'பாவாய்' என்பதை ஒக்கும். எனவே, ஏட்டின் மேலெழுதிய நூற்பெயரைக் கண்டு வைத்த பெயரன்று, ஒவ்வொரு பாடலின் முடிவிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த 'எம்பாவாய்' என்னும் ஓசையைக் கேட்டு வைத்த பெயரே இஃது எனக் கருத இடமுண்டு.

தமிழ் சென்ற வழி

இப்பாடல்கள் அந்நாட்டுக்கு எப்பொழுது, எவராற் சென்றன? ஆண்டும் ஆளும் குறிக்கும் சான்றில்லை. ஆயின் வழி தெளிவாகவுளது. தாய்லாந்தின் தென்மேற்குக் கரையில், கிராபி மாகாணத்துக் குலோங் தொம் என்னுமிடத்தில், பொன் உரைத்துப் பார்க்கும் கல்லொன்று கிடைத்தது. அதில் 'பெரும்பதன் கல்' எனத் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்துளது. கி.பி. 3ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டினதென்பர்.

அக்கரையிலேயே தக்குவாபா என்னும் பழந்துறைமுகத்தருகே 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டது. குளமொன்று தோண்டப்பட்ட செய்தியையும், அதற்கு 'அவனிநாரணம்' எனப் பெயரிட்டு மணிக்கிராமம் என்னும் வணிகர் குழுவினரிடம் காவலாக ஒப்படைத்த செய்தியையும் அது கூறுகின்றது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் விருதுப்பெயர். பொருளீட்டக் கடல் கடந்த தமிழன் அயல்நாட்டுக் கரையிற் செய்த நற்பணிகளுள் ஒன்று குளந்தோண்டியமை.

சுலாலங்கொன் மன்னர் 1888ஆம் ஆண்டில் எழுதிய பன்னிரு திங்கட் சடங்குகள் பற்றிய நூலிலும், ஆங்கிலேய அறிஞர் குவாரிச் வேல்ஸ் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட சீய அரசச் சடங்குகள் பற்றிய நூலிலும் இவ்விழா விரித்துரைக்கப்பட்டுளது. நம் கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913–1980) தென்கிழக்காசிய நாடுகளில் உலாவி, அங்குக் கண்ட தமிழ்த் தொடர்புகளைத் தமிழுலகுக்கு எடுத்துரைத்த பெருமகனார். சீயத்துத் திருவெம்பாவையை நம்மவர் அறியச் செய்தவருள் அவரும் ஒருவர். பின்னர் இலண்டனிற் பணியாற்றிய அறிஞர் ஜோன் மார், பாங்கொக்கிலுள்ள கிரந்த எழுத்துச் சுவடிகளை ஆராய்ந்து, அவற்றுள் தேவாரப் பாடல்களும் உள்ளன எனக் காட்டினார்.

அச்சுவடிகளை ஓதிய பிராமணர், எழுத்தை அறிந்திருந்தனர், ஓசையை அறிந்திருந்தனர், மொழியை அறிந்திலர். இவை தெய்வ மந்திரங்கள் என்றே போற்றினர். பாவையர் ஒருவரையொருவர் துயிலெழுப்பிக் குளத்தில் நீராடச் செல்கின்றனர் என்பதோ, வானை நோக்கி மழை பொழியக் கேட்கின்றனர் என்பதோ அவர்க்குத் தெரியாது. நீரை வேண்டியும் நீருக்கு நன்றி கூறியும் ஆண்டு முழுவதும் விழா எடுக்கும் நாட்டிலே, மழை வேண்டிய பாடல் ஒன்று, தான் எதனை வேண்டுகின்றது என்பதை எவரும் அறியாமலே ஓதப்பட்டு வந்தது.

நின்றதும் மீண்டதும்

முன்னாளில் இவ்விழாவின் சிறப்பு ஊஞ்சலாட்டமே. உயர்குடியினர் ஒருவர் சிவபெருமானாக வீற்றிருப்பார். ஒரு காலை நிலத்தில் ஊன்றி மற்றைக் காலை அதன் முழந்தாள்மேல் வைத்திருப்பார். நாகமுடி சூடிய நால்வர் ஊஞ்சலில் ஏறி உந்தி உந்தி ஆடி, உயர்ந்த மூங்கிலிற் கட்டிய காசுப்பையைப் பல்லாற் கவ்வுவர். உலகம் உறுதியாக உளதோ என அறியச் சிவபெருமான் நாகங்களை ஊஞ்சலாக ஆடச் செய்தார் என்பது அந்நாட்டார் கூறும் கதை. மணிவாசகரின் திருப்பொன்னூசலோடு இதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். இவ்வாட்டம் 1935ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது, மீண்டும் தொடங்கப்பட்டிலது.

மேலே கூறிய ஏர் விழாவும் அதை அடுத்த ஆண்டாகிய 1936இல் நின்றது. ஆயின் 1960ஆம் ஆண்டிற் பூமிபால் மன்னர் காலத்தில் அது மீண்டது. ஒரே காலத்தில் நின்ற இரண்டனுள் ஒன்று மீள, மற்றொன்று மீளாமை ஏன்? ஊஞ்சலில் உயிருக்கு இடருண்டு, செலவும் பெரிது. அவை உண்மையே. எனினும் என் சிற்றறிவுக்குத் தோன்றும் காரணம் வேறொன்றுமுண்டு. ஏர் விழாவின் பொருளை அந்நாட்டு உழவன் ஒவ்வொருவனும் அறிவான். விதைத்த நெல்லிற் கைப்பிடியளவேனும் தன் வீட்டுக்குக் கொண்டு செல்கின்றான். ஊஞ்சற் கூட்டத்தில் நின்றவனோ வியந்து பார்த்தான், வீடு திரும்பினான், அவன் கையில் ஒன்றுமில்லை. பொருளுணர்ந்த விழாவை மக்கள் கேட்டுப் பெறுவர். உணராத விழாவுக்குத் தூண் மட்டும் எஞ்சும்.

அவ்வாறாயின் பொருளறியாது பாடுதல் வீணோ? அவ்வாறு கூற என் மனம் ஒருப்படவில்லை. கோயிலுள்ளே ஓதுதல் இன்றும் நிற்கவில்லை. தமிழகமும் ஈழமும் தம்மை மறந்திருந்த காலமெல்லாம், தமக்குப் புரியாத ஓசையைத் தந்தை மகனுக்கும் மகன் தன் மகனுக்குமாக அப்பிராமணர் ஒப்படைத்து வந்தனர். அவர் ஒருவர் சோர்ந்திருந்தாலும் இன்று நாம் அறிந்துகொள்ள அங்கு ஒன்றும் எஞ்சியிராது. புரியாததைக் காத்தலும் ஒரு நேர்மையே. அவர் காத்தது விதைநெல். அதனை முளைக்கச் செய்யும் நிலம் அவரிடத்தில் இல்லை. நம்மிடத்திலோ விதையுமுண்டு, நிலமுமுண்டு. இரண்டுமிருந்தும் விதையைக் கூடையிலேயே வைத்திருப்போமாயின், மொழியறியாத அவரினும் நாமே குறையுடையோம்.

ஆதலின் ஆசிரியரையும் மாணவரையும் பழைய மாணவரையும் ஒன்று வேண்டுகின்றேன். திருவெம்பாவைப் பாடல்கள் இருபது. மார்கழி விடுமுறைக்கு முந்திய இரு வாரங்களிற் பள்ளி நாள் பத்து. நாளுக்கு இரண்டு பாடலாகக் காலைக் கூட்டத்தின் பின் பத்து நிமிடம் பொருள் கூறினால், பாவை நோன்பு பிறக்குமுன் இருபதும் நிறைவுறும். சென்ற ஆண்டு கையைத் தாழ்த்திய என் மாணவர் பதினொருவருக்கும் அன்று எஞ்சிய நாட்களிற் பாடல்கள் ஆறுக்கே பொருள் கூற முடிந்தது. மழையை வேண்டும் பாடலைக் கூறி முடித்தபோது, பின்வரிசையிலிருந்த கமக்காரர் மகனொருவன் எழுந்து, "ஐயா, இது எங்கள் வயலுக்கும் சேர்த்துக் கேட்டதுதானே?" என்றான். அவ்வொரு வினாவுக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பாங்கொக் நகருக்குச் செல்லும் பழைய மாணவர் மார்கழியிற் செல்வாராயின், அங்காடிகளைக் கண்டு கழித்த பொழுதில் ஒரு நாழிகையேனும் தேவத்தானத்து வாயிலில் நின்று வருவாராக. உள்ளே ஒலிக்கும் ஓசையில் நம் சொல்லொன்றேனும் செவியிற் படக்கூடும். படும்போது அதன் பொருளை அறிந்தவராக அவர் நிற்றல் வேண்டும். அதற்கு வேண்டிய கல்வியை அளிப்பதாக நம் கல்லூரி என்றும் விளங்குக.